நான் கேட்டாலும் கொடுக்காதீங்க

முதல் சந்திப்பில் கண்ணும் கண்ணும் கலந்திருக்க வேண்டும். காதலுக்கு அதுதான் லட்சணம். இவர்களுக்கு நடுவில் முதலில் வந்து நின்றது ஒரு பெட்டி. கம்பத்தில் மாட்டிய, மழையில் நனைந்து கரகரத்துப்போன ஒலிப்பெட்டி. அதன் முகப்பில் ஒரு கோழி சிரித்துக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்டு எண்ணெயில் குதிக்கப்போகிற கோழிக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்...

"வணக்கம், சொல்லுங்க... என்ன வேணும்?" என்றது பெட்டி.

காரை விட்டு இறங்காமலேயே வாங்கிக்கொண்டு போகிற கடை அது. பெட்டியிடம் சொல்ல வேண்டும், காரை நகர்த்த வேண்டும், ஜன்னலில் கை நீட்ட வேண்டும். ஏற இறங்கப் பார்க்க ஆள் கிடையாது. நாற்காலியில் உட்காரும்போது அது முனகுமோ என்ற கவலை கிடையாது. தன்னைப் போன்ற உடம்புக்காரர்களை நினைத்தே எந்தப் புண்ணியவானோ இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று அவள் நம்பினாள்.

"எனக்கு ஒரு சிக்கன் பர்கர், சின்ன சிப்ஸ்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவருக்கு ஒரு டபுள் சீஸ், பெரிய சிப்ஸ். அவருக்கு சாஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

"சார் நேத்தும் டபுள் சீஸ்தானே சாப்பிட்டார்... ஒரு நாளாவது மாத்திச் சாப்பிடச் சொல்லுங்க மேடம்."

"சொன்னா கேக்கற ஜென்மமா அது?"

"உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க."

அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கும். போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவனின் குரல் போல, கொஞ்சம் கரகரப்பு, நிறைய இதம். மனசுக்குள் அதற்குப் 'பெட்டிக்குரல்' என்று பேர் வைத்திருந்தாள்.

ஆனால் அவள் சொன்ன 'அவர்'தான் உலகத்திலேயே இல்லை. இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தி கேட்க வாய் கூசியது, ஒரு நாள் சட்டென்று 'அவருக்கு' என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அவர் வளர்ந்துவிட்டார். அவருக்கு வெங்காயம் ஆகாது. குளிர்பானத்தில் ஐஸ் போட்டால் கோபம் வரும். பசியைச் சுமக்க ஒரு புருஷனைச் செய்துகொண்ட முதல் மனுஷி அவளாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் வேறு காரணங்களுக்காகக் கட்டிக்கொள்கிறார்கள்.

அன்றைக்குப் பெரிய சிப்ஸ் தயாராக இல்லை. ஓரமாகக் காரை நிறுத்தச் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்து நிறுத்தினாள். மழை கண்ணாடியில் வழிந்தது. உள்ளே மூச்சு பட்டுப் பனி பூத்தது. யாருக்கும் தெரியாது... சிக்கன் பர்கர் நாலு கடியில் போயிற்று. டபுள் சீஸைப் பிரித்து முதல் கடி கடித்தாள்.

அப்பாடா... அந்த முதல் கடி. உள்ளே எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று அவிழ்ந்துகொண்டது.

டொக் டொக்.

வாய் நிறைய ரொட்டியோடு ஜன்னலை இறக்கினாள். குடையின் கீழே சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன், கையில் சிப்ஸ் பொட்டலம். "சாரிங்க, லேட்டாயிடுச்சு... இது சாருக்கு" என்றவன் பக்கத்து சீட்டைப் பார்த்தான். பின் சீட்டையும் பார்த்தான்.

பெட்டிக்குரல்!

"சார்... எங்கேங்க?"

அவள் விழுங்கினாள். "இறங்கிப் போயிட்டார்."

"இந்த மழையிலயா?"

"நடக்கணும்னார். உடம்பைக் குறைக்கிறாராம்."

அவன் அவள் கையிலிருந்த டபுள் சீஸைப் பார்த்தான். தாடையில் ஒட்டியிருந்த சாஸைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அப்போதுதான் கண்ணும் கண்ணும் ஒருவழியாகச் சந்தித்தன.

நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணாடிக்கடையில் பவர் பார்த்து, அளவெடுத்து, லென்ஸ் பொருத்துகிறவள். அதனால் முதலில் தோன்றியது காதல் இல்லை. 'வலது கண்ணுக்குப் பவர் வேணும், பாவம், சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான்.' இமை முடியில் மழைத்துளி தொங்கியதும், அந்தச் சுருக்கலிலேயே ஒரு பரிவு இருந்ததும், வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தன. உறைத்ததும் அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு மருந்தாகப் பெரிய சிப்ஸ் இருந்தது.

வீட்டில் அக்கா சோபாவில் சாய்ந்திருந்தாள். பள்ளி வேன் ஓட்டியவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தங்கையை அந்த வேனின் முன் சீட்டில் வைத்தே வளர்த்தவள். இப்போது கால் இரண்டும் வீங்கி, வயிறு நீர் கோத்து, கை மட்டும் குச்சியாகிக் கிடந்தாள். சொட்டு மது தொட்டதில்லை. ஆனாலும் அவள் உடம்பே அவள் கல்லீரலைப் பகையாளி என்று நினைத்துத் தின்றுவிட்டது.

"என்னடி குண்டூசி, வெள்ளரிக்காய் தின்னியா?"

"தின்னேன்க்கா."

"வெள்ளரிக்காய் தின்ன மூஞ்சி மாதிரி தெரியலையே... இவ்வளவு திருப்தியா இருக்கு?"

சின்ன வயதில் தலை மட்டும் பெரிதாக, உடம்பு கம்பியாக இருந்ததால் வந்த பேர் குண்டூசி. ஊசி போய் ரொம்ப நாளாகிறது.

கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுக்க, சொந்தத்தில் எல்லோரையும் பொருத்திப் பார்த்தாயிற்று. சேர்ந்தது இவள் ஒருத்திதான். ரத்தம் சேர்ந்தது, அளவு சேர்ந்தது. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இப்படியே வெட்டி எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் உபயோகம் இல்ல. வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்க. நடங்க. இளைச்சுட்டு வாங்க... சீக்கிரம்."

எவ்வளவு சீக்கிரம் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அக்காவின் கண் வெள்ளை சொல்லிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் கண் பார்க்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் அந்த மஞ்சளைத்தான் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததால் தாமதமாக வீடு திரும்பினாள். தாமதமாகத் திரும்ப ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கோழி சிரித்துக்கொண்டிருந்தது...

இரண்டு நாள் வைராக்கியமாக இருந்தாள். மூன்றாம் நாள் கார் தானாகவே திரும்பிவிட்டது என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

"வணக்கம், சொல்லுங்க..." குரல் தயங்கியது. "சாருக்கு வழக்கம் போலத்தானே?"

"அவர் செத்துட்டார்."

"ஐயோ!"

"அன்னிக்கு உங்க முன்னாடிதான் போனார். பார்த்தீங்களே."

பெட்டிக்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, வழி தெரியாமல் மூக்கு வழியாக வந்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் கேட்டாள்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

"என் குரல் கேட்டா ஆர்டர் எடுக்காதீங்க. நான் கெஞ்சினாலும் சரி, திட்டினாலும் சரி... நான் கேட்டாலும் கொடுக்காதீங்க."

"கம்பெனியில கேட்டதைக் கொடுக்கத்தானேங்க எங்களை வச்சிருக்காங்க... வர்றவங்களை இல்லைன்னு சொன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"என்னை ஒருத்தியை மட்டும். ப்ளீஸ்... எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல. உங்க மேல இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. தொப்பிக்கும் குடைக்கும் நடுவில் ஒரு தடவை பார்த்த முகம்!

"கல்யாணத்துக்கு இளைக்கிறீங்களா?" என்றான் மெதுவாக.

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"...சரிங்க. கொடுக்கமாட்டேன்." குரலில் இருந்த போர்வையை யாரோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி கார் ஓட்டினாள்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வரிசையில் வந்து நின்று "ஒரு சின்ன சிப்ஸ்..." என்று இழுப்பாள். "இல்லைங்க, போயிட்டு வாங்க" என்பான். "தண்ணியாவது?" "தண்ணி தர்றேன்." ஜன்னலில் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். விரல் படாமல் வாங்கிக்கொள்வாள். படாமல் வாங்கிக்கொள்வதற்கு இரண்டு பேருமே நிறையப் பாடுபட வேண்டியிருந்தது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலையில் ஸ்கேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "குறைஞ்சிருக்கு... ஆனா போதாது. நீங்க முழு மனசோட முயற்சி பண்ணலைன்னு தோணுதும்மா." அதே ஆஸ்பத்திரியில் மதியம் அக்காவின் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். குடம் குடமாக வந்தது, கலங்கிய மஞ்சளில். வலியில் அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விட்ட பிறகும் விரல் தடம் இருந்தது. "அழாதடி... அழுதா உனக்குப் பசிக்கும்" என்றாள் அக்கா. அந்த நிலையிலும் நக்கல்.

சாயந்தரம் நேரே கோழியிடம் வந்து நின்றாள்.

"டபுள் சீஸ். ரெண்டு."

"...இல்லைங்க. போயிட்டு வாங்க."

"விளையாடற மூட்ல நான் இல்ல. கொடுங்க."

"நீங்கதானே சொன்னீங்க, திட்டினாலும் கொடுக்காதேன்னு..."

"அது அன்னிக்கு! இன்னிக்கு நான் கேக்கறேன். நீங்க யாரு என்னை வேண்டாம்ங்கறதுக்கு? என் அப்பாவா? என் புருஷனா?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் ஜன்னலுக்குப் போய், மேலாளரைக் கூப்பிடச் சொன்னாள். டை கட்டிய சின்னப் பையன் ஒருவன் மேலாளர் என்று வந்தான்.

"இவர் எனக்குச் சாப்பாடு தர மாட்டேங்கறார்."

"ஏன்ப்பா?" என்றான் மேலாளர்.

அவன் சொல்லியிருக்கலாம். 'இந்தம்மாதான் கொடுக்காதேன்னு கெஞ்சினாங்க' என்று ஒரே வார்த்தை. சொல்லவில்லை. அவளைப் பார்த்தான்... அதே சுருங்கிய பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அந்தக் கண்ணில் இருந்தது, அவள் மானத்தை மூடி வைக்கிற முயற்சி.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டை மேலாளர் அங்கேயே கழற்றச் சொன்னான். முடியில் சிக்கிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு மன்னிப்போடு ஒரு மெகா சைஸ் பொட்டலம், இலவசம்.

சுவரோரமாக நிறுத்தி அவள் அதைத் தின்றாள். துப்பியிருப்பாள் என்று நினைக்கிறவர்கள் நல்லவர்கள். அவள் பொட்டலத்தின் மூலையில் கிடந்த உப்பைக்கூட விரலால் தொட்டு நக்கினாள். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் பெட்டியில் ஒரு பெண் பேசினாள். "வணக்கம், சொல்லுங்க" என்று மணியடித்தது போன்ற குரல். கேட்டதெல்லாம் கொடுக்கிற குரல். வாயைத் திறக்க முடியாமல் அவள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்படியே நாலைந்து தடவை. கடைசியில் ஒரு நாள் காரை வெளியே நிறுத்தி, முன் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் தடவையாக உள்ளே போனாள்.

அவன் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், தட்டு எடுத்துக்கலாமா?" என்றான், அவள் முன்னால் தட்டே இல்லாதபோது.

"மன்னிச்சிடுங்க."

"நீங்க சொன்னதைத்தாங்க செஞ்சேன். ரெண்டு தடவையும். கொடுக்காதேன்னீங்க, கொடுக்கல. மேலாளரைக் கூப்பிடுன்னீங்க, கூப்பிட்டேன்." துணியை முறுக்கிப் பிழிந்தான். "கல்யாணத்துக்கு டிரஸ் போட முடியலைங்கற கோபத்தை என் மேல காட்டிட்டீங்க. பரவாயில்ல. மேஜை துடைக்கறதும் வேலைதான்."

"கல்யாணமெல்லாம் இல்ல..."

"சரிங்க."

"எங்க அக்கா சாகக் கிடக்கறா."

துணி நின்றது.

அவள் சொன்னாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அது முனகியதைக்கூடக் கவனிக்காமல், கல்லீரலிலிருந்து கொழுப்பு வரை எல்லாவற்றையும். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை பொம்மையைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்தபோது அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. மேலாளர் தூரத்திலிருந்து முறைத்தான்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னா... நான் எவ்வளவு மோசமானவள்னு தெரிஞ்சுபோயிடும். அக்கா சாகறா, இவ பர்கர் தின்றான்னு."

அவன் எழுந்து மேஜையின் மிச்சத்தைத் துடைத்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல என் வேலை முடியும். வீட்டுக்கு நடந்துதான் போவேன். தூரம் ஜாஸ்தி. வேணும்னா கூட வாங்க... பேசணும்னு அவசியம் இல்ல."

பேசாமல் நடந்தது முதல் நாள் மட்டும்தான்.

டயர் கடை, பூட்டிய கிடங்கு, மெத்தைக் கடை, அதன் வாசலில் மெத்தை கிடைக்காத சோகத்தோடு படுத்திருக்கும் ஒரு நாய். காதலர்கள் உலவுகிற இடமே இல்லை. அவள் மூச்சு வாங்க நடந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்... நான் என்ன ரயிலா பிடிக்கப்போறேன்?"

"நீங்க மூச்சு வாங்கறப்ப நான் நின்னா, நீங்களும் நின்னுடுவீங்க."

"பெரிய கோச்சு! அதோ அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க பார்ப்போம்?"

அவன் கண்ணைச் சுருக்கினான். "...'நல்ல டயர்கள்'."

"'நாய்கள் ஜாக்கிரதை'. கடைக்கு வாங்க, கண்ணாடி போட்டு விடறேன்."

"கண்ணாடி போட்டா அழகு போயிடும்."

"இருக்கறவங்க கவலைப்படணும்."

சிரிப்பார்கள். அப்புறம் அவள் அக்காவைப் பற்றிச் சொல்வாள், அவன் கேட்பான். அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறவன். 'எண்ணெய் நாத்தம்' என்று அண்ணி அவன் சட்டையைத் தனியாக ஊற வைப்பாள். கடைச் சாப்பாட்டை அவன் வாயில் வைப்பதில்லை. "அந்தப் புகையிலயே வயிறு நிறைஞ்சிடுதுங்க" என்பான். மழை வந்தால் ஒரே குடை. நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி விட்டு நடந்ததால் இரண்டு பேருமே பாதி நனைந்தார்கள்...

பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டி வந்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது. அதே வேகத்தில் அக்கா கரைந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் தங்கையின் பேரே அவளுக்கு மறந்துபோயிற்று. வேனில் வந்த ஏதோ ஒரு குழந்தை என்று நினைத்து, "சீட்ல ஒழுங்கா உக்காரு, உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டினாள். ரத்தத்தில் சேர்ந்த நஞ்சு மூளைக்குப் போகிறது என்றார்கள். வார்டில் சேர்த்தார்கள்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். "போதும்மா. தயார்."

அவள் கடைக்கு ஓடிப்போய் அவனிடம் சொன்னாள். மேஜைகளுக்கு நடுவில் குதித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

கத்தி வைப்பதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் ஆலோசகர் அம்மா அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டாள். நரைத்த கூந்தல், அவசரமே இல்லாத பேச்சு. கதவைச் சாத்தினாள்.

"கொடுக்கறவங்களை நாங்க தனியா ஒரு தடவை கேக்கறது வழக்கம். இதுல உங்களுக்கும் ஆபத்து உண்டு. உயிருக்கே கூட, அபூர்வமா. யாராவது வற்புறுத்தறாங்களா?"

"இல்லீங்க."

"இப்பக்கூட வேண்டாம்னு சொல்லலாம். உங்க அக்காகிட்ட 'உடம்பு பொருந்தல'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை இந்த ரூமை விட்டு வெளியே போகாது. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

அப்பாடா...

உள்ளே எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்தது அவிழ்ந்தது. அந்த நிம்மதியை அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். சுவரைப் பார்த்து நிறுத்திய காருக்குள், முதல் கடியில், நாக்குக்குக் கீழே வருமே... அதேதான்.

அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

அத்தனை நாளும் நாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு என்ன செய்யும், பாவம். அவள் பசிக்காகச் சாப்பிடவில்லை. சோகத்துக்காகவும் இல்லை. தேறிவிடக் கூடாது என்று சாப்பிட்டிருக்கிறாள். கொழுப்பு இருக்கிற வரை கத்தி வராது. 'நான் என்ன பண்ணட்டும், உடம்பு பொருந்தல' என்று சொல்லிக்கொள்ள, ரொட்டி ரொட்டியாக ஒரு சுவர் கட்டியிருக்கிறாள்.

"கொஞ்சம்... அக்காவைப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?"

அக்கா அன்றைக்குத் தெளிவாக இருந்தாள். தோலெல்லாம் அரித்து அரித்துக் கீறல்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். டாக்டர் இளைக்கச் சொன்ன நாள்லேர்ந்து... நான் திருட்டுத்தனமா பர்கர் தின்னேன். தினமும். ரெண்டு ரெண்டா."

"தெரியும்."

"தெரியுமா?"

"வண்டி ஓட்டினவடி நான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப காருக்குள்ள எண்ணெய்க் கடையே இருந்துச்சு. சீட்டுக்கடியில சிப்ஸ் வேற. ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பார்த்தேன். நமத்துப்போயிருந்துச்சு."

"ஏன்க்கா ஒரு வார்த்தை திட்டல?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ அந்த வாசனையோட வர்றப்பல்லாம்... அப்பாடா, இன்னிக்கும் இவ தப்பிச்சான்னு தோணும். எனக்குக் குழந்தையே நீதானேடி. உன்னைக் கிழிச்சு நான் வாழணுமா? அப்புறம் உடனே, ஐயோ, நான் செத்துடுவேனேன்னு அழுகை வரும். ரெண்டும் சேர்ந்து வரும். யாரைத் திட்டறது?" மூச்சு வாங்கினாள். "போடி. வேண்டாம்னு சொல்லிட்டு வா. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

அவள் எழுந்தாள். வராந்தா முழுக்க டெட்டால் வாடை. இந்தப் பக்கம் ஆலோசகர் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் அக்காவும் திறந்து வைத்துவிட்டாள். தள்ளுவதற்கு இனி யாருமில்லை. ஓடிவிடலாம். ஓடலாம் என்று ஆன பிறகுதான் கால் நகரவில்லை. பயம் அப்படியே இருந்தது. உடம்பு இவ்வளவு இளைத்ததே, பயம் ஒரு கிராம் கூட இளைக்கவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே போய் அந்த அறைக் கதவைத் தட்டினாள்.

"கொடுக்கறேங்க. பயமா இருக்கு. ஆனா கொடுக்கறேன்."

வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். சிவப்புச் சட்டை, மடியில் தொப்பி, வேலையிலிருந்து அப்படியே வந்த எண்ணெய் வாடை. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தேறக் கூடாது என்று தின்றதைக்கூட. அவன் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "இப்ப எழுந்து போறதுன்னா போயிடுங்க... நான் தப்பா நெனைக்கமாட்டேன்" என்றாள்.

அவன் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கினான்.

"நானும் ஒண்ணு சொல்லணுங்க. ஸ்கேன் நல்லா வந்துச்சுன்னு நீங்க குதிச்சீங்களே... அன்னிக்கு எனக்குப் பயம் வந்துச்சு. தினமும் உங்களை நடக்க வச்சு நடக்க வச்சு, நானே கொண்டுபோய்க் கத்திக்குக் கீழ படுக்க வைக்கறேனோன்னு. நடுவுல ரெண்டு நாள், கடையிலேர்ந்து ஒரு டபுள் சீஸ் வாங்கிட்டு வந்து உங்ககிட்ட நீட்டிடலாமான்னு கூடப் பார்த்தேன். பொட்டலம் பைக்குள்ளயே இருந்துச்சு. கொடுக்கத்தான் தைரியம் வரல."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுருங்காமல், நேராக, ஈரமாக... இவ்வளவு பக்கத்தில் என்றால் அவனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"என்ன பண்ணீங்க அதை?"

"நாய்க்குப் போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. அவன் கை நீண்டது. விரல் பட்டது. இந்தத் தடவை படாமல் இருக்க யாரும் பாடுபடவில்லை. அவன் விரல் நுனிகளில் பழைய எண்ணெய்க் கொப்புளத் தழும்புகள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நாளைக்கு நான் எழுந்திருக்கலைன்னா?"

"அப்படிப் பேசாதீங்க."

"பேசணும். அபூர்வமா நடக்குமாம். நடந்தா, இதைச் சொல்லாம போயிட்டேன்னு ஆகிடும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பெட்டிக்குள்ள இருந்தப்பவே."

அவன் வாயைத் திறந்தான். நாளெல்லாம் யார் யாருக்கோ வணக்கம் சொன்ன அந்தக் குரல், வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது. காற்றுதான் வந்தது.

வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள். "கல்லீரல் கொடுக்கறது யாரு? நீங்களா? வாங்க, அட்மிட் பண்ணணும். ராத்திரி எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணி கூட. கூட இருக்கப்போறது யாரு?"

அவள் விழித்தாள். கூட இருக்கிறவள் எப்போதும் அக்காதான். அக்கா பக்கத்து வார்டில் கிடக்கிறாள்.

அவன் எழுந்து நின்றான். "நாங்க... நான்தாங்க."

நர்ஸ் சிவப்புச் சட்டையிலிருந்த கோழியை ஏற இறங்கப் பார்த்தாள். "சொந்தமா?"

"இன்னும் இல்லைங்க." குரல் திரும்ப வந்திருந்தது, கரகரப்போடு, இதமாக. "ஆகணும்னு இருக்கேன்."

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து நின்றே அலுத்துப்போன முகம் ஒரு நொடி இளகியது.

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அவங்க பையைத் தூக்கிட்டு வாங்க."